டப்பாக்காவும் ஒரு வாய் சுடுதண்ணியும்

எங்க அக்காவப் பொறுத்தவரைக்கும் உலகத்துல ரெண்டே வகை மனுஷங்கதான். டப்பாவ மூடியோட திருப்பிக் குடுக்கிறவங்க ஒரு வகை, மூடியத் தொலைச்சுட்டு வெறும் டப்பாவ நீட்டறவங்க இன்னொரு வகை. ரெண்டாவது வகையில கட்டின புருஷனே இருந்தாலும் அவளுக்கு ஆகாது. மாமா ஒரு தடவை ஆபீசுல ஒரு நீல மூடிய விட்டுட்டு வந்துட்டார். மூடி வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சாப்பாடு மட்டும் வந்துச்சு, தட்ட மேசையில வெச்ச சத்தத்துலயே மத்ததெல்லாம் அவருக்குப் புரிஞ்சுது.

அவ பிளாஸ்டிக் டப்பா விக்கிறவ. கடையெல்லாம் கிடையாது. யாராவது ஒருத்தர் வீட்டு ஹால்ல அக்கம்பக்கத்துப் பொம்பளைங்கள உக்கார வெச்சு, நடுவுல ஒரு மேசையப் போட்டு, டப்பாவ வெச்சு வித்தை காட்டி விக்கிற பொழப்பு. கம்பெனிக்காரங்க இதுக்கு வாயில நுழையாத ஒரு பேர் வெச்சிருக்காங்க. நாங்க 'கூட்டம்'னு சொல்லுவோம். அக்காவோட சொந்தப் பேரு எங்க தெருவுல யாருக்கும் ஞாபகம் இல்ல. தபால்காரரே கீழ நின்னு, "டப்பாக்கா இருக்காங்களா?"ன்னுதான் குரல் குடுப்பார்.

அவ சமையல்கட்டு அலமாரியத் திறக்கறதுக்கே பழக்கம் வேணும். இடது கை மேல, வலது முட்டி கீழ, அப்புறம்தான் கதவத் தொடணும். இல்லேன்னா மொத்தமும் தலைமேல வரும். சர்க்கரை பச்சை டப்பாவுல, பருப்பு மஞ்சள்ல, மாமாவோட தலைவலி மாத்திரை ரோஸ்ல, அவரோட சாக்ஸ் ஊதாவுல. சாக்ஸுக்கு எதுக்கு டப்பான்னு ஒரு நாள் கேட்டேன். "ஈரம் படாதுடி"ன்னா. அவ வீட்டுல மழையா பெய்யுது?

ஆனா சும்மா சொல்லக்கூடாது, அவ வித்தைக்காரி. எங்கம்மா போனப்புறம் என்ன வளத்தவ அவதான். கல்யாணமான புதுசுல மாமா முதுகு பிடிச்சு மாசக்கணக்கா படுத்துட்டப்ப, ஒரு பை நிறைய டப்பாவத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறி இறங்கி, அவரையும் எழுப்பி உக்கார வெச்சு, என்னையும் படிக்க வெச்சா. வாயுள்ள பிள்ளை பொழச்சுக்கும்னு சொல்லுவாங்க. அவளுக்கு ரெண்டு பேருக்கான வாய், அதனால என்னையும் சேத்துப் பொழைக்க வெச்சுட்டா.

கூட்டத்துல அவ பண்றதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல டப்பாவ நாற்காலியில வெச்சு அது மேல உக்காருவா. அக்கா ஒண்ணும் ஒல்லி இல்ல, அதனால எல்லாரும் மூச்ச அடக்கிட்டுப் பாப்பாங்க. டப்பா உடையாது. அடுத்தது மேசையிலேருந்து கீழ போடுவா, உடையாது. அப்புறம் டப்பா நிறைய தண்ணிய ஊத்தி மூடி, கூட்டத்துலயே யார் மூஞ்சி நம்பாம இருக்கோ அந்தம்மா தலைக்கு மேல கவுத்துப் பிடிப்பா. சொட்டாது. அந்தம்மா தலையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கும்.

கடைசி வித்தைதான் பெரிசு. கெட்டில்லேருந்து கொதிக்கக் கொதிக்க தண்ணிய டப்பாவுல ஊத்துவா. மூடி, குலுக்கி, "வளைஞ்சுதா? நெளிஞ்சுதா?"ன்னு எல்லார் மூஞ்சிக்கும் நேரா காட்டுவா. கொஞ்ச நேரம் பேச்சுக் குடுத்துட்டு, மூடியத் திறந்து என் கையில குடுப்பா. "குடிடி"ம்பா. நான் குடிப்பேன். குடிச்சுட்டு, "வாசனையே இல்ல"ன்னு சொல்லணும். எனக்குன்னு இருந்த ஒரே வசனம் அதுதான்.

வாசனை இருந்துச்சா? இருந்துச்சு. செருப்புக் கடைக்குள்ள நுழைஞ்ச உடனே வருமே ஒரு நெடி, அது. முதல் தடவை குடிச்சப்ப ஹாலே என் வாயப் பாத்துட்டு இருந்துச்சு. வீட்டுல மாமா படுத்திருக்கார். நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும்? சொன்னேன். அன்னிக்கு இருந்த டப்பா எல்லாம் வித்துப்போச்சு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் முடிஞ்சு, மூக்குக் கண்ணாடிக் கடையில வேலைக்குச் சேந்து, கல்யாணம் ஆகி, அப்பவும் ஞாயித்துக்கிழமையானா ஏதோ ஒரு ஹால்ல நின்னு குடிச்சுட்டுதான் இருந்தேன்.

அவ ஒரு நாள் கூடக் குடிச்சதில்ல. கேட்டா, "விக்கிறவ வாய் நிக்கக் கூடாதுடி. நான் குடிக்கிற நேரம் பாத்து எவளாவது ஒருத்தி, சரி வரட்டுமான்னு எந்திரிச்சிடுவா"ம்பா.

இப்ப என் சங்கதிக்கு வரேன். எனக்கு மாசக் கணக்கு ரொம்ப நாளாவே தாறுமாறு. வந்தா போக மனசில்லாத விருந்தாளி மாதிரி உக்காந்துக்கும். போனா மூணு மாசம் எட்டிப் பாக்காது. வர்றப்ப வயித்து வலி ஆள சுருட்டிப் போட்டுடும், கடைக்கு வந்தவங்க மூக்குல கண்ணாடிய மாட்டி விட்டுட்டு நான் கவுண்டருக்கு அடியில குந்திக்குவேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பிள்ளை வேணும்னு ஆசை. ஆசைன்னா சாதாரண ஆசை இல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதா நான் சமைக்கிறத விட்டுட்டு வாசல்ல போய் நிப்பேன்.

கூட்டத்துக்கு வர்றவங்க யாராவது, "தங்கச்சிக்கு விசேஷம் ஒண்ணும் இல்லையா?"ன்னு கேக்காம போக மாட்டாங்க. அக்கா விட மாட்டா. "இருந்தா ஒரு டப்பாவுல போட்டு உங்களுக்கு அனுப்பி வெக்கிறேன், மூடிய மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க"ம்பா. கேட்டவங்க வாய மூடிக்குவாங்க. எனக்கு சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

கடைசியில ஒரு லேடி டாக்டர்கிட்ட போனேன். ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, சினைப்பையில நீர்க்கட்டி இருக்குன்னாங்க. மருந்து எழுதினாங்க, தினம் நடக்கச் சொன்னாங்க. அப்புறம் என்ன சாப்பிடுவேன், எப்பத் தூங்குவேன்னு வரிசையா கேட்டுட்டு வந்தவங்க, "சூடான சாப்பாட பிளாஸ்டிக்ல வெச்சு சாப்பிடுவீங்களா?"ன்னாங்க.

"சாப்பிட மாட்டேன் டாக்டர், குடிப்பேன்"னேன்.

"டீயா?"

"இல்ல, வெறும் சுடுதண்ணி. ஜனங்க முன்னாடி."

டாக்டர் பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. நான் முழுக் கதையும் சொன்னேன். பாதியில அவங்களுக்கு சிரிப்பு வந்துடுச்சு, கண்ணாடியக் கழட்டித் துடைக்கிற மாதிரி மறைச்சுக்கிட்டாங்க. அந்த ஃபிரேம் அவங்க மூஞ்சிக்கு சரியில்ல, ஆனா அதைச் சொல்ற நேரமா அது?

அப்புறம் நிதானமா சொன்னாங்க. "எப்ப முட்டை வளரணும், எப்ப மாதவிலக்கு வரணும்னு உடம்புக்குத் தகவல் சொல்றது ஹார்மோன். பிளாஸ்டிக்ல சேக்கிற சில ரசாயனம் இருக்கு, உள்ள போனா அந்த ஹார்மோன் மாதிரியே நடிக்கும். நம்ம வீட்டு ஆள் குரல்ல கூப்பிட்டுக் கதவத் திறக்க வெக்கிறவன் மாதிரி. உடம்பு ஏமாந்துடும். சூடு பட்டா, எண்ணெய் பட்டா, டப்பா பழசாகிக் கீறல் விழுந்தா இன்னும் அதிகமாக் கசியும். மாதவிலக்கு குளறுபடி, நீர்க்கட்டி, கரு தங்காம போறது, இதுக்கெல்லாம் அதோட சம்பந்தம் இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க."

"அப்ப எனக்கு இதனாலதானா டாக்டர்?"

"அப்படி நான் சொல்ல மாட்டேன். யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. இதுக்கு நூறு காரணம் இருக்கும். ஆனா சூடானத பிளாஸ்டிக்ல ஊத்தாம இருக்கறதுல நமக்கு ஒரு நஷ்டமும் இல்லையே. வளர்ற பொண்ணுங்க வீட்டுல இருந்தா இன்னும் ஜாக்கிரதையா இருங்க."

நேரா அக்கா வீட்டுக்குப் போனேன். அவ தரையில உக்காந்து மூடிங்கள நிறம் பிரிச்சுட்டு இருந்தா. டாக்டர் சொன்னத ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். கை நிக்காம கேட்டா.

"அந்த டாக்டருக்கு டப்பா வேணும்னா நேரா கேக்க வேண்டியதுதான. எதுக்கு சுத்தி வளைக்கிறா?"

"விளையாடாதக்கா."

"என் டப்பாவுல கம்பெனி முத்திரை இருக்கு. கெடுதல் இல்லேன்னு அடியில அச்சடிச்சிருக்கு, பாரு. நானும் இதுலதான் தின்னேன். ஒண்ணு பெத்து வெச்சிருக்கேன், அது பேசற பேச்சுக்கு நாலு பெத்ததுக்கு சமம்." சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்தா. கொஞ்சம் இறங்கி வந்தா. "சரிடி, உடம்புதான் முக்கியம். இனிமே நீ குடிக்க வேணாம். பாப்பா குடிக்கட்டும்."

பாப்பான்னா அக்கா மக. பேருதான் பாப்பா, என் தோளுக்கு மேல வளந்து நிக்கறா, வயசுக்கு வந்து ஒரு வருஷம் கூட ஆகல. அவளுக்கோ தலை கால் புரியல. எப்படா சித்தி இடம் காலியாகும்னு காத்துட்டு இருந்திருக்கா. அப்பவே கண்ணாடி முன்னாடி நின்னு, "வாசனையே இல்ல"ன்னு ஒரு தடவை சிரிச்சுட்டும், ஒரு தடவை கண்ண மூடிட்டும், ஒரு தடவை கன்னத்துல கை வெச்சுட்டும் சொல்லிப் பாத்தா.

"வளர்ற பொண்ணுக்குத்தான் ஆகவே ஆகாதுன்னாங்கக்கா. அவ வேணாம்."

"அப்ப யாரு குடிப்பா, உங்க மாமாவா? அடுத்த கூட்டத்துக்குக் கம்பெனி மேலாளரம்மா வராங்க. என்னைக் குழுத்தலைவியாப் போடறதுக்குப் பாக்க வராங்கடி. இந்த நேரத்துல வந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்கறியா?"

அந்த வார்த்தையத் தாங்க முடியல. அவ கையில சோறு தின்னு வளந்தவ நான். எந்திரிச்சு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு அழுதேன். வர்ற பிள்ளைக்காக அழுதேனா, வளந்து நிக்கற அந்தப் பிள்ளைக்காக அழுதேனான்னு எனக்கே தெரியல. என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். வீடே தீப்பிடிச்சாலும் "பாக்கலாம்"னு சொல்ற மனுஷன். அன்னிக்கும் முதல்ல "பாக்கலாம்"னுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இல்ல, நீ போ. அந்தப் பொண்ணு கையிலேருந்து டப்பாவ வாங்கு"ன்னார்.

கூட்டம் தையற்கடைக்காரம்மா வீட்டுல. சோபா, நாற்காலி, தையல் மெஷின் ஸ்டூல் வரைக்கும் ஆளுங்க. மேலாளரம்மா முன்வரிசையில ஃபைல மடியில வெச்சுட்டு, சிரிக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணாத மூஞ்சியோட உக்காந்திருந்தாங்க. கூப்பிடாத விருந்தாளியா நான் போய்க் கடைசியில நின்னேன். அக்கா என்னப் பாத்தா, பாக்காத மாதிரி ஆரம்பிச்சா.

அன்னிக்கு அவ பேசின மாதிரி நான் கேட்டதே இல்ல. உக்காந்தா, உடையல. போட்டா, உடையல. தையற்கடைக்காரம்மா தலைக்கு மேலயே கவுத்தா, சொட்டல. மேலாளரம்மா ஃபைல்ல ஏதோ எழுதினாங்க. அடுத்து கெட்டில் வந்துச்சு. ஆவி பறக்க ஊத்தி, மூடி, குலுக்கி, பேசி, திறந்து, "இந்தா கண்ணு, குடி"ன்னு பாப்பா கையில குடுத்தா. அந்தக் கழுதை கன்னத்துல கைய வெச்சுட்டு எல்லாரையும் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுது.

"அக்கா, நீ குடி"ன்னேன்.

எல்லாத் தலையும் திரும்புச்சு.

"நான் பேசணும்ல"ன்னா அக்கா, பல்லக் கடிச்சுக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியோட.

"நான் பேசறேன். எனக்கு எல்லாம் மனப்பாடம்." முன்னாடி வந்து ஆரம்பிச்சுட்டேன். "இது வெறும் டப்பா இல்லம்மா, உங்க வீட்டுக்கு வர்ற இன்னொரு மகராசி. உக்காருங்க, உடையாது. போடுங்க, உடையாது. கொதிக்கற தண்ணிய ஊத்துங்க, வளைஞ்சுதா, நெளிஞ்சுதா?" அவ குரல், அவ கையாட்டல், அப்படியே வந்துச்சு. யாரோ கை தட்டினாங்க. "பேச்சு நிக்கலக்கா. நீ குடி."

பாப்பா அம்மாவையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தா. என்ன தோணுச்சோ, டப்பாவ அம்மா பக்கம் நீட்டிட்டா.

"அட குடிங்களேன், ஆறிடப் போகுது"ன்னாங்க தையற்கடைக்காரம்மா.

அக்கா டப்பாவ வாங்கினா. ஒரு வாய் குடிச்சா. மெல்லவும் முடியாம முழுங்கவும் முடியாம அப்படியே நின்னா. எனக்கு நினைவு தெரிஞ்சு ஒரு கூட்டத்துல அவ வாய் நின்னது அன்னிக்குத்தான். ஹாலே வசனத்துக்காகக் காத்துட்டு இருக்கு. மேலாளரம்மா பேனாவோட காத்துட்டு இருக்காங்க. அக்கா முழுங்கினா. கூட்டத்தப் பாக்கல, என்னத்தான் பாத்தா.

"நாறுதேடி"ன்னா.

"ஆமாக்கா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

"அப்ப ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல?"

"குடின்னு சொன்ன, குடிச்சேன். எப்படி இருக்குன்னு நீ கேக்கவே இல்லையேக்கா."

அக்கா அப்படியே பின்னால நாற்காலியில உக்காந்துட்டா. நாற்காலி மேல முதல் வித்தைக்கு வெச்ச டப்பா அப்படியே இருந்துச்சு. அது மேலதான் உக்காந்தா, தடால்னு, மொத்த எடையும் விழற மாதிரி. அப்பவும் உடையல. அந்த விஷயத்துல டப்பாவக் குறை சொல்ல முடியாது.

டப்பாவக் கையில எடுத்துட்டு எந்திரிச்சா. குரல் கம்மியிருந்துச்சு, ஆனா பேச்சு பேச்சுதான். "அம்மா, இதுல பட்டன் வைங்க, ஊசி வைங்க, உங்க வீட்டுக்காரர் சாக்ஸ் வைங்க. சூடா மட்டும் எதையும் ஊத்தாதீங்க. ஊத்தினத உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குக் குடுக்காதீங்க. என் தங்கச்சி குடிச்சதே போதும்."

மேலாளரம்மா ஃபைல மூடிட்டு, "உங்ககிட்ட அப்புறம் பேசறேன்"ன்னு எந்திரிச்சுட்டாங்க. அந்த அப்புறம் இன்னும் வரல, குழுத்தலைவி பதவியும் வரல. தையற்கடைக்காரம்மா மட்டும் பட்டனுக்குன்னு ஒரு செட் வாங்கிக்கிட்டாங்க. பாப்பா என்கிட்ட வந்து, "என் வசனம் போச்சு சித்தி"ன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா.

மறுநாள் காலையில அக்கா ஒரு சாக்கோட என் வீட்டுக்கு வந்தா. என் சமையல்கட்டுல அவ குடுத்த டப்பா அத்தனையும் அள்ளி சாக்குல போட்டா. என் வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துட்டுப் போற டப்பாவக் கையிலேருந்தே பிடுங்கினா. அவர், "பாக்கலாம்"னு சொல்றதுக்குள்ள சாக்கு வாய் கட்டியாச்சு. பதிலுக்கு எவர்சில்வர் டப்பாவும் கண்ணாடி ஜாடியுமா இறக்கினா. என் வீட்டுக்காரருக்கு சுடுசோறு போட்ட எவர்சில்வர் டப்பாவத் தூக்கிப் பாத்துட்டு, "சுடுது சனியன்"னு புடவைத் தலைப்ப சுத்திக்கிட்டா. அந்த மூடி திறக்க வரலேன்னு அதையும் நாலு திட்டு திட்டினா. போகும்போது படியில நின்னு, முதுகக் காட்டிட்டே, "நான் உன்ன வளக்கத்தான்டி நெனச்சேன்"ன்னா. "வளத்துட்டக்கா"ன்னு சொன்னேன், கேட்டுச்சோ என்னவோ.

டப்பா விக்கறத அவ விடல, வேற என்ன தெரியும் அவளுக்கு? பாதி டப்பாவ விக்கறா, பாதி டப்பாவ வேணாம்னு தடுக்கறா. வியாபாரம் முன்ன மாதிரி இல்ல. டாக்டர்கிட்டயும் என்கூட வர ஆரம்பிச்சா. காத்திருக்கற இடத்துல டீ மெஷின் பக்கத்துல அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கப்பப் பாத்துட்டு வரவேற்புல இருந்த பொண்ணுகிட்ட பிடிச்ச பிடியில, அடுத்த தடவை நாங்க போனப்ப பீங்கான் கப் இருந்துச்சு. டாக்டர் அவளப் பாத்துட்டு, "இவங்கதானா அது?"ன்னு என்கிட்ட கண்ணால கேட்டாங்க.

மாசங்க ஓடுச்சு. விசேஷம்னு இன்னும் ஒண்ணும் இல்ல. ஆனா போன மாசம் சொன்ன தேதிக்கு வந்துச்சு. இந்த மாசமும் வந்துச்சு. பிள்ளைக்கு ஏங்கறவளுக்கு அது வந்தா அழுகைதான் வரும், நான் குளியலறையில நின்னு சிரிச்சேன். டாக்டர் கேட்டுட்டு, "நல்ல அறிகுறி. மருந்தா, நடையா, மத்ததான்னு பிரிச்சு சொல்ல முடியாது, எல்லாத்தையும் தொடருங்க"ன்னாங்க. அக்காவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. போன்ல சொன்ன அரை மணி நேரத்துல வந்து நின்னுட்டா.

வந்தவ நான் வயித்தப் பிடிச்சுட்டு சுருண்டு கிடக்கறதப் பாத்தா. அடுப்ப மூட்டித் தண்ணி சுட வெச்சா. எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி எடுத்துட்டு வந்தா. பழக்க தோஷம், அவ கை நீண்ட உடனே என் கையும் நீண்டுச்சு, என் வாய் 'வாசனையே இல்ல'ன்னு சொல்லத் தயாராயிடுச்சு.

அக்கா டம்ளர வெடுக்குனு பின்னால இழுத்துக்கிட்டா. முதல்ல அவ ஒரு வாய் குடிச்சா. வாயிலயே வெச்சுட்டு யோசிச்சா. முழுங்கினா. அப்புறம்தான் எனக்குக் குடுத்தா.

"குடி. குடிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

குடிச்சேன். "சுடுதுக்கா"ன்னேன்.

டம்ளர வாங்கி, பக்கத்துல உக்காந்து, ஊதி ஊதி ஆத்த ஆரம்பிச்சா.